புகைக்குழாயையும் கவனிப்போம்

செப்டம்பர் 8-ஆம் நாள் திருவிழாவிற்கு மத்திகிரியிலிருந்து இரவோடிரவாக வேனில் வேளாங்கண்ணி செல்லும் குடும்பங்களுக்கு ஒரு சொல். டயரையும் பிரேக்கையும் சோதிக்கும் நாம், புகைக்குழாயை மறந்துவிடுகிறோம். பழைய வண்டியில் அது துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், புகை உள்ளே புகும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையோடு பற்றிக்கொள்ளும். சன்னலை அடைத்துத் துயிலும் குழந்தைகள் விழிக்காமலே போகக்கூடும்.

இணைப்புகளில் கரி படிவதும், இரைச்சல் மிகுவதும் அதன் அடையாளங்கள். துணி சுற்றி ஒட்டுப்போடாமல், இயந்திரம் ஆறியபின் குழாயையே மாற்றச் செய்வோம். வழியில் பலருக்கும் ஒருசேரத் தலைவலியோ மயக்கமோ தோன்றினால், வண்டியை நிறுத்தி, வெளிக்காற்றுக்கு வந்து, உடனே மருத்துவரை நாடுவோம்.

சிக்கனம் நற்பண்பே, பிள்ளைகளின் உயிர்மூச்சில் அது வேண்டா.