சாப்பிட்டதும் குழாய்ச் சத்தமா?

தாய்மார்களே, வயசுப் பெண் சாப்பிட்ட கையோடு பாத்ரூமுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் உள்ளேயே இருக்கிறாளா? கொஞ்சம் கவனியுங்கள். தானாகவே வாந்தி எடுக்கும் பழக்கமாக இருக்கலாம். அளவில்லாமல் தின்பதும், பிறகு வாந்தி எடுப்பதுமான இந்த நோய்க்கு 'புலிமியா' என்று பெயர். 1979-ல் லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்டு ரஸ்ஸல் விவரித்தது. பலருக்கு இதில் உடம்பு இளைப்பதில்லை. அதனால்தான் வீட்டில் தெரிவதில்லை! மேல் முன்பற்களின் உள்பக்கம் அரித்திருப்பதை வைத்துப் பல் டாக்டர் கண்டுபிடிப்பதும் உண்டு. விரல் முட்டியில் காய்ப்பு, காதோரம் கன்னம் வீங்குவது, இவையும் அடையாளங்கள்.

இன்னொரு வகை, பட்டினி. வெள்ளிக்கிழமை விரதம் வாரம் பூரா நீளும்; மாதவிலக்கு நின்றுபோகும். நாமோ 'பொண்ணுக்கு என்ன பக்தி' என்று மெச்சுகிறோம். கல்யாண வீட்டில் 'இளைச்சு அழகாயிட்டியேடி' என்று பாராட்டு வேறு!

'கொழுப்பு, அடம்' என்று திட்டினால் இன்னும் ஒளிப்பாள். வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். திருஷ்டி சுற்றிப் போட்டுக்கொண்டிராமல் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மனநல டாக்டர் என்றதும் தயக்கமா? அரசின் 'டெலி மானஸ்' எண் 14416-க்கு முதலில் போன் போடுங்கள். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

- ஒரு வாசகி, கும்பகோணம்.