எங்கட ஆள் ஆளுநரானால் போதுமா?



போன கிழமை போர்கோ வெக்கியோவில ஒரு கடை வாசலில மாமா ஒருவரோட கதைச்சுக்கொண்டு நிண்டன். வடக்கு மாகாண சபைத் தேர்தல் பற்றிப் பேச்சு வந்தது. "இப்ப ஆளுநர் தமிழர்தானே தம்பி, பிறகென்ன?" எண்டார். எனக்கு உடனே புதுச்சேரிதான் ஞாபகம் வந்தது.

கிரண் பேடி 2015 ஜனவரியில் பாஜகவில் சேர்ந்தார். அடுத்த மாதமே டெல்லியின் முதல்வர் வேட்பாளராக நின்று, தன் தொகுதியான கிருஷ்ணா நகரிலேயே தோற்றார். 2016 மே மாதம் மோடி அரசு அவரைப் புதுச்சேரியின் துணைநிலை ஆளுநராக்கியது. அதே மாதம்தான் அங்கே நடந்த தேர்தலில் பாஜகவுக்கு ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனாலும் 2017 ஜூலையில், மாநில அரசின் பரிந்துரை இல்லாமலே மத்திய அரசு 3 பாஜகவினரைச் சட்டமன்றத்துக்கு நியமித்தது. பேடியே அவர்களுக்குப் பதவிப்பிரமாணம் செய்து வைத்தார். உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது.

2019 பிப்ரவரியில், கோப்புகள் முடக்கப்படுகின்றன என்று முதல்வர் நாராயணசாமி கறுப்புச் சட்டையோடு ஆளுநர் மாளிகை வாசலில் இருந்து போராட வேண்டி வந்தது. 2021 பிப்ரவரியில் ஆளும் தரப்பு உறுப்பினர்கள் சிலர் விலக, அரசு கவிழ்ந்தது. அந்த நாள் அரசுப் பக்கம் சபாநாயகரோட 12 பேர், எதிரணியில 14 பேர். அந்த 14இல 3 பேர் நியமன உறுப்பினர். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கோ.

அதற்குச் சில நாள் முன்னால் பேடி நீக்கப்பட்டு, தமிழிசை சௌந்தரராஜன் பொறுப்பேற்றார். தமிழ் பேசுகிறவர், குமரி அனந்தனின் மகள். அவரும் 2019இல் தூத்துக்குடியில் கனிமொழியிடம் தோற்ற பிறகு தெலங்கானா ஆளுநரானவர்தான். 2024 மார்ச்சில் பதவியை விட்டு தென்சென்னையில் நின்றார், திரும்பவும் தோற்றார். அவர் காலத்தில் சண்டை குறைந்தது உண்மை. ஆனால் அப்போது ஆட்சிக்கு வந்த ரங்கசாமி பாஜகவின் கூட்டாளி. நாற்காலியின் அதிகாரம் ஒரு துளியும் குறையவில்லை. மாநில அந்தஸ்து கேட்டு புதுச்சேரி சட்டமன்றம் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டும் டெல்லி அசையவில்லை.

ஆக, சிக்கல் ஆளில இல்ல, கதிரையில.

வடக்கில் 2013இல் எங்கட சனம் வாக்களித்து, 38 இடங்களில் 30ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்குக் கொடுத்தது. அப்போது ஆளுநர் ஒரு முன்னாள் இராணுவ அதிகாரி, அதை எல்லாரும் எதிர்த்தோம். 2018 அக்டோபரில் சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தலே இல்லை. கொழும்பு நியமிக்கும் ஆளுநர்தான் மாகாணத்தை நடத்துகிறார். அவர் தமிழர் என்றதும் எங்கட குரல் தணிஞ்சு போச்சு. மாகாண சபையின் அதிகாரம் போதாது என்பது எங்கள் நிலைப்பாடு. அதுக்காக, இருக்கிற வாக்கையும் விட்டுக்கொடுக்கேலாது.

இது பலெர்மோவில எங்களுக்குத் தெரியாத விசயமா? இத்தாலியக் குடியுரிமை இல்லாத எங்கட அம்மா அப்பாமார் வருசக்கணக்காய் இஞ்ச உழைச்சு வரி கட்டினம். மேயர் தேர்தலில அவைக்கு வாக்கில்ல. நல்ல மேயர் வந்தால் சந்தோசம்தான், ஆனால் அது வாக்குரிமைக்கு ஈடாகுமா?

மாமாவிட்டையும் இதைத்தான் கேட்டன். சிரிச்சார், பதில் சொல்லேல்ல. அடுத்த கூட்டத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாறன்.

தோழமையுடன்.