மரத்துக்கு மார்பிள் கட்டரா?

பெங்களூர் எஸ்.ஜே.பி. சாலை, மும்பை நாக்தேவி தெரு, தில்லி ஜி.பி. ரோடு. ஊர் எதுவானாலும் சனிக்கிழமை மாலை கருவிக் கடைகளில் நடக்கும் காட்சி ஒன்றுதான். வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அலுத்த ஒருவர், பால்கனியிலோ கார் நிறுத்தும் இடத்தின் மூலையிலோ சின்னதாக ஒரு தச்சுப் பட்டறை போடும் ஆசையோடு வந்து நிற்கிறார். ஒரு புத்தக அலமாரி, குழந்தைக்குப் படிப்பு மேசை, கை பழகினால் ஒரு கட்டில். இதுதான் திட்டம். மரம் அறுக்க மெஷின் வேண்டும் என்று கேட்கிறார். கடைக்காரர் யோசிப்பதே இல்லை. கைக்கு அடக்கமான ஒரு இயந்திரத்தை எடுத்து மேசைமேல் வைக்கிறார். எல்லா ஆசாரிகளும் இதைத்தான் வாங்குகிறார்கள், பிளேடை மட்டும் மரத்துக்கு மாற்றிக்கொண்டால் போதும் என்கிறார்.

அவர் சொல்வது பொய்யல்ல. வம்பே அங்குதான் ஆரம்பிக்கிறது. அவர் எடுத்து வைத்தது மரம் அறுக்கும் இயந்திரம் அல்ல. தரைக்குப் போடும் பளிங்கையும் டைல்ஸையும் அறுப்பதற்காகச் செய்யப்பட்ட மார்பிள் கட்டர்.

இந்தியத் தச்சர்கள் இதை வரித்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. எடை குறைவு, விலை குறைவு, ஒரு பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போகலாம். 110 மில்லிமீட்டர் பிளேடு சுமார் 3 சென்டிமீட்டர் ஆழம் அறுக்கும். இன்றைய வீடுகளில் தச்சு வேலை என்பதே பெரும்பாலும் 18 மில்லிமீட்டர் பிளைவுட் என்றாகிவிட்டது. அதற்கு இந்த ஆழம் தாராளம். மரத்துக்கென்றே உள்ள 7 அங்குல வட்ட ரம்பம் வாங்க இதைப்போல் இரண்டு மடங்கோ அதற்கு மேலோ கொடுக்க வேண்டும். அன்றாடக் கூலிக்கு வேலை செய்பவர் எதை வாங்குவார் என்பதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் கல்லுக்கும் மரத்துக்கும் உள்ள வித்தியாசம் பிளேடோடு முடிவதில்லை. கல் அறுக்கும் வைரச் சக்கரத்துக்குப் பல் கிடையாது. அது கல்லைத் தேய்த்துக்கொண்டே இறங்குகிறது. மர பிளேடுக்குப் பல் உண்டு, அது கடிக்கும். மரம் பாதியில் இறுகினாலோ முடிச்சில் மாட்டினாலோ இயந்திரம் பின்னோக்கி எகிறும். முறையான வட்ட ரம்பத்தின் அடிப்பகுதியில் ஸ்பிரிங் வைத்த காப்புத் தகடு ஒன்று இருக்கிறது. ரம்பத்தை மரத்திலிருந்து தூக்கிய மறுகணம் அது தானாக மூடிக்கொண்டு பற்களை மறைக்கும். மார்பிள் கட்டரில் மேல்பாதிக்கு மட்டுமே மூடி. கீழ்ப்பாதி எப்போதும் திறந்தே கிடக்கிறது, சுவிட்சை விட்ட பிறகு பிளேடு சுழன்று ஓயும்வரையிலும்கூட. அதோடு பல மார்பிள் கட்டர்களில் சுவிட்சை அழுத்திப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. நீளமாகக் கல் அறுப்பவருக்கு அது சௌகரியம். மரத்தில் இயந்திரம் கையைவிட்டு எகிறும்போது அதுவே எமன்.

வேகத்தையும் கணக்குப் பார்க்கலாம். மார்பிள் கட்டர் நிமிடத்துக்குச் சுமார் 13,000 முறை சுற்றுகிறது. 110 மி.மீ. பிளேடின் விளிம்பு அப்போது மணிக்குச் சுமார் 270 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. 190 மி.மீ. வட்ட ரம்பம் பிளேடில் பெரியது. ஆனால் 5,500 சுற்றுதான் என்பதால் அதன் விளிம்பு வேகம் 200 கிலோமீட்டருக்குள் நிற்கிறது. சின்ன இயந்திரம் சாதுவானது என்ற எண்ணம் இந்தக் கணக்கில் உடைந்துபோகிறது. ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடைப் போடுகிறவர்களின் நிலைமை இதைவிட மோசம். அதில் மரத்தின்மேல் படிந்து உட்கார ஒரு அடித்தட்டுகூட இல்லை.

இத்தோடும் நிற்பதில்லை. ஒரு பிளைவுட் பலகையில் கோடுபோல் துளை போட்டு, அடியில் மார்பிள் கட்டரைக் கவிழ்த்துத் திருகி, சுவிட்சைக் கயிற்றால் கட்டி, 'டேபிள் சா' தயார் என்று வைத்துக்கொள்வது நாடு முழுவதும் உள்ள பழக்கம். உண்மையான மேசை ரம்பத்தில் பிளேடுக்குப் பின்னால் ஒரு மெல்லிய தகடு நிற்கும். அறுத்த பிளவு மூடிக்கொண்டு பிளேடைப் பிடிக்காமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. கவிழ்த்த கட்டரில் அந்தத் தகடும் இல்லை, மூடியும் இல்லை, அவசரத்துக்குத் தட்டி நிறுத்த சுவிட்சும் இல்லை. ஒரு விரலோ அரை விரலோ குறைந்த ஆசாரிகளை எந்த ஊர்ப் பட்டறையிலும் பார்க்கலாம். இருபது வருடம் கை பழகியவருக்கே இது நேர்கிறது என்றால் சனி, ஞாயிறு தச்சருக்கு என்ன ஆகும்?

முறையாகச் செய்த மேசை ரம்பமும் ஒன்றும் பரம சாது அல்ல. அமெரிக்காவில் அதனால் காயமடைந்து அவசர சிகிச்சைக்கு வருவோர் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் என்பது அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு. இயற்பியல் படித்த ஸ்டீவ் காஸ் என்ற காப்புரிமை வழக்கறிஞர், விரல் பட்டதும் மின்சார மாற்றத்தை உணர்ந்து 5 மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்தும் 'ஸா ஸ்டாப்' உத்தியை 1999ல் உருவாக்கினார். பிரமாதமான யோசனைதான். ஆனால் அந்த வசதி உள்ள ரம்பத்தின் விலையில் ஒரு முழு வீட்டுப் பட்டறையே போட்டுவிடலாம்.

அப்படியானால் எதை வாங்குவது? முதலில், அறுக்கும் இயந்திரத்தை முதலில் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெரிய நகரங்களில் பல பிளைவுட் கடைகளிலேயே பேனல் சா இருக்கிறது. அளவைக் குறித்துக் கொடுத்தால் கூலிக்கு நேராக அறுத்துத் தந்துவிடுவார்கள். சுமார் 30 கிலோ எடையுள்ள எட்டுக்கு நாலு அடிப் பலகையை லிஃப்டில் ஏற்ற முடியாமல் திண்டாடும் அடுக்குமாடிவாசிக்கு இது இரட்டை லாபம். முதல் இரண்டு, மூன்று சாமான்களை இப்படிச் செய்து பார்த்து, ஆசை நிலைக்கிறதா என்று தெரிந்த பிறகு வட்ட ரம்பத்துக்குப் பணம் போடலாம்.

அப்போதும் 7 அங்குலம், ஸ்பிரிங் காப்புத் தகடு, கீழே அகலமான அடித்தட்டு என்று கேட்டு வாங்குவது நல்லது. 60 மில்லிமீட்டருக்கு மேல் ஆழம் கிடைக்கும். தேக்குச் சட்டத்துக்கும் அது உதவும். தேக்கில் மணல்சத்து உண்டு. சாதாரண பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடும். கார்பைடு முனை வைத்த பிளேடே தேவை. நீளவாக்கில் கிழிக்க 24 பல், பிளைவுட்டுக்கு 40, மைக்கா ஒட்டிய பலகைக்கு 60 என்பது கைவழக்கு. பிளேடில் அச்சிட்டிருக்கும் அதிகபட்சச் சுற்று, இயந்திரத்தின் சுற்றைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. தரையில் பழைய தெர்மோகோல் அட்டையைப் பரப்பி, அதன்மேல் பலகையைக் கிடத்தி, நேரான பட்டை ஒன்றை இரண்டு கிளாம்பால் இறுக்கி அதை ஒட்டி ரம்பத்தை ஓட்டினால், மேசை ரம்பம் இல்லாமலே நேர்கோடு வரும். வளைவு வெட்ட ஜிக் சா இருக்கிறது. அது மெதுவானது, நேர்கோட்டில் தடுமாறும். புதியவர் கைக்கு மற்றவற்றைவிட அதுதான் பயமில்லாதது.

டிரில் வாங்குவதில் வேறு விதமான குழப்பம். சுவரில் படம் மாட்ட வாங்கிய 13 மி.மீ. இம்பாக்ட் டிரில்லே மரத்துக்கும் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. துளை போடும், சரி. ஆனால் எடை மிகுந்த அந்த மெஷினால் நூறு ஸ்க்ரூ திருகினால் மணிக்கட்டு போய்விடும். கான்கிரீட் உத்தரத்தில் அதே மெஷின் அழும். அதற்கு ரோட்டரி ஹாமர் வேண்டும். மரவேலைக்கு பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் டிரில் தாராளம்.

இந்த வோல்ட் கணக்கில் ஒரு வியாபாரத் தந்திரம் இருக்கிறது. 12 வோல்ட் என்று விற்பதன் உண்மையான அளவு 10.8. தலா 3.6 வோல்ட் உள்ள மூன்று செல்கள் அதில் இருக்கின்றன. 20 வோல்ட் என்பதும் 18 வோல்ட் என்பதும் ஒரே ஐந்து செல் பேட்டரிதான். சார்ஜ் ஏறி முடிந்த நிலையில் அளந்தால் 20, சராசரியில் 18. இது பரவாயில்லை. 48, 88 என்றெல்லாம் கொட்டை எழுத்தில் போட்டு மலிவு விலைக்கு வரும் பெட்டிகளைத் திறந்தால் உள்ளே அதே ஐந்து செல்தான் இருக்கும். முதல் பேட்டரி எந்தக் கம்பெனியோ, அடுத்து வாங்கும் எல்லாக் கருவிகளும் அந்தக் கம்பெனி ஆகிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

அமெரிக்காவிலிருந்து வரும் மைத்துனரிடம் சொல்லி வாங்கிவரச் சொல்வது இன்னொரு ஆசை. அங்கே மின்சாரம் 120 வோல்ட், இங்கே 230. நேராகச் செருகினால் மோட்டார் புகையும். 1,800 வாட் ரம்பத்தை ஓட்ட அதற்குத் தகுந்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைத் தூக்கவே ஒரு ஆள் வேண்டும். பேட்டரிக் கருவியானாலும் சார்ஜர் 120 வோல்ட்டுக்கு மட்டும் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டுப் பிளக்குகளுக்கும் ஒரு எல்லை உண்டு. 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1,380 வாட். 1,400 வாட் ரம்பத்தையும் தூசி உறிஞ்சும் வாக்குவம் கிளீனரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகினால் வயர் இளகும், முக்கியமாக வயரைச் சுருட்டியே வைத்திருந்தால். பட்டறைக்கு ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டும் 30 மில்லி ஆம்பியரில் விழும் கசிவு பிரேக்கரும் போட ஒரு எலக்ட்ரீஷியனின் அரைநாள் கூலி போதும். கருவியின் பெயர்ப் பலகையில் சதுரத்துக்குள் சதுரம் பொறித்திருந்தால் அது இரட்டைக் காப்பு செய்தது என்று அர்த்தம். இரண்டே பின் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம்.

விளிம்புகளுக்கு அழகு சேர்க்கும் டிரிம்மர் ரவுட்டரில் ஒரு நுணுக்கம் பலரைக் கவிழ்க்கிறது. அதன் பிடிவாய் சிலவற்றில் 6 மி.மீ., சிலவற்றில் கால் அங்குலம், அதாவது 6.35 மி.மீ. கால் அங்குல பிட் 6 மி.மீ. வாயில் நுழையாது, அது பிரச்சினை இல்லை. 6 மி.மீ. பிட்டைக் கால் அங்குல வாயில் போட்டால் இறுகியதுபோல் தோன்றும். நிமிடத்துக்கு 30,000 சுற்றில் நழுவினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. பிட்டையும் பிடிவாயையும் ஒரே கடையில் பொருத்திப் பார்த்து வாங்குவதே உத்தமம்.

ரத்தம் வராத ஆபத்தை யாரும் லட்சியம் செய்வதில்லை. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. எம்.டி.எஃப். பலகையின் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடும் 2004ல் அதே பிரிவுக்கு வந்தது. 5 அங்குல சாண்டர், உப்புத்தாளை வைத்துக் கையால் தேய்க்கும் அரை நாள் வேலையை அரை மணியில் முடித்துவிடும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூளை அதிகம் கிளப்புவதும் அதுதான். கூடவே வரும் சின்னத் துணிப்பையை நம்பக் கூடாது. வாக்குவம் குழாயைப் பொருத்தவேண்டும். முகத்தில் கட்டும் கைக்குட்டை போதாது, என்-95 முகமூடி வேண்டும். மாறாக, சுழலும் பிளேடு அருகே கையுறை கூடாது. பிளேடு அதைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். தோளில் தொங்கும் துண்டுக்கும் லுங்கி முனைக்கும் இதே விதிதான்.

அண்டை வீட்டுக்காரரின் பொறுமையும் பட்டறைச் செலவில் ஒன்று. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல்தான் வரம்பு. ரவுட்டரும் வட்ட ரம்பமும் பக்கத்தில் நிற்பவர் காதில் 90 டெசிபலைத் தாண்டும். அலுவலகம் விட்டு வந்து சாப்பாட்டுக்குப் பிறகு வேலையை ஆரம்பிப்பவர் அந்நேரத்துக்கு இழைப்புளியும் உளியும் எடுத்துக்கொள்வதுதான் மரியாதை. இந்த இரண்டையும் கற்றுக்கொண்டவருக்கு இயந்திரம் விட்ட பிசிறுகளைச் சரிசெய்யும் கலையும் கூடவே வந்துவிடுகிறது.

பிராண்டைப் பற்றிய விவாதத்துக்கு முடிவே கிடையாது. போஷ், மக்கிதா, டிவால்ட் மூன்றும் நல்ல பெயர் எடுத்தவை. ஹிட்டாச்சி கருவிகளைத் தேடுபவருக்கு அந்தப் பெயர் கடையில் கிடைக்காது; 2018லிருந்து அது ஹைக்கோக்கி. நாக்பூரிலோ மதுரையிலோ இருப்பவர் கேட்கவேண்டிய கேள்வி, தன் ஊரில் எந்தக் கம்பெனிக்குச் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்பதுதான். வயர் வைத்த கருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே இரண்டு கார்பன் பிரஷ் உண்டு. தேய்ந்தால் மோட்டார் பொறி பறக்கும், பிறகு நின்றுவிடும். மெஷின் செத்துவிட்டது என்று பழைய இரும்புக்குப் போட்டவர்களும் உண்டு. ஸ்க்ரூடிரைவரால் மூடியைக் கழற்றிப் புது ஜோடியைப் போட ஐந்து நிமிடம் ஆகும். கருவி வாங்கும் அன்றே ஒரு ஜோடியைச் சேர்த்து வாங்கி, பில்லோடு பெட்டியில் போட்டுவைக்கலாம்.