எண்ணிக்கை குறைந்தால் பள்ளியை மூடுவதா?

சென்னையின் பழைய தெருக்களில் உள்ள சிறிய மாநகராட்சி உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குள் காலையில் நுழைந்து பாருங்கள். ஒன்பதாம் வகுப்பில் இருபத்தைந்து, முப்பது பேர்தான் இருப்பார்கள். வருகைப் பதிவேட்டைத் திறக்கும் முன்பே யார் வரவில்லை என்பது ஆசிரியைக்குத் தெரிந்துவிடும். ஒருவன் அப்பாவோடு மீன் ஏற்றப் போயிருப்பான். இன்னொருத்தியின் அம்மாவுக்குக் காய்ச்சல், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்திருப்பாள். இடைவேளைக்குள் இரண்டு வீட்டுக்கும் போன் போய்விடும். மதியத்துக்குள் ஒருவனாவது வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான்.

கோப்பில் இதெல்லாம் ஏறுவதில்லை. அங்கே இருப்பது ஓர் எண் மட்டும். அந்த எண் சிறிதாக இருந்தால் ‘பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாம்’ என்ற குறிப்பு தானாகவே எழுந்துவிடுகிறது. நிதி ஆயோக்கின் திட்டம் ஒன்றின் கீழ் 2017 முதல் ஜார்க்கண்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஒடிசாவிலும் பள்ளிகள் இப்படித்தான் இணைக்கப்பட்டன. சிறிய பள்ளிகளை நடத்துவது பொருளாதார ரீதியில் கட்டுப்படியாகாது என்ற பார்வை 2020இன் தேசியக் கல்விக் கொள்கையிலும் இருக்கிறது. அந்தக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டிலும் ‘உபரி ஆசிரியர்’, ‘பணி நிரவல்’ என்ற சொற்கள் அதே கணக்கைத்தான் போடுகின்றன.

பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டாமா? ஆங்கிலவழி மோகம் ஒரு காரணம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளின் 25 சதவீத இடங்களுக்கு அரசே கட்டணம் கொடுப்பது இன்னொன்று. அதிகம் பேசப்படாத காரணம், கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடியிருப்புகளை அகற்றி, அங்கிருந்த குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியது. அப்படி அகற்றப்பட்ட சத்தியவாணி முத்து நகர்க் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பும் வேலை 2019 டிசம்பரில், அதாவது படிப்பாண்டின் நட்டநடுவில் தொடங்கியது. வீட்டை இடித்து வண்டியில் ஏற்றி அனுப்பிய பின், பள்ளியில் ஆள் இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

பள்ளி இணைப்பால் அதிகம் அடிபடுவது ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். கல்வி உரிமைச் சட்டத்தின் காவல் 14 வயதோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தால் போதும் என்பது 2009இல் தொடங்கிய மத்திய இடைநிலைக் கல்வித் திட்டத்தின் அளவுகோல். வரைபடத்தில் ஐந்து கிலோமீட்டர் சின்னக் கோடுதான். சென்னையில் அது இரண்டு பேருந்து, ஒரு மேம்பாலம், மாலை ஆறு மணி நெரிசல். பஸ் பாஸ் இலவசம்தான், ஆனாலும் வயதுக்கு வந்த மகளை அவ்வளவு தூரம் அனுப்பத் தயங்கும் தாயின் பயத்தை அந்த பாஸ் போக்காது.

பள்ளி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு நியூயார்க் நேரெதிரான விடையைத் தேடியது. 2002க்குப் பின் அந்த மாநகரம் சரியாக இயங்காத இருபதுக்கும் மேற்பட்ட பெரிய உயர்நிலைப் பள்ளிகளை மூடி, இருநூறுக்கும் மேற்பட்ட சிறிய பள்ளிகளைத் திறந்தது. ஒரு வகுப்பு நிலைக்கு ஏறத்தாழ நூறு பேர்தான். குலுக்கல் முறையில் இடம் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தது. சிறிய பள்ளிக்குப் போனவர்களில் படிப்பை முடித்தோர் விகிதம் ஏறத்தாழ ஒன்பது சதவீதப் புள்ளிகள் கூடுதலாக இருந்தது. படிப்பை முடிக்கும் ஒரு மாணவருக்கான செலவோ குறைவாகவே இருந்தது. இந்த வெற்றிக்குக் காரணம் கேட்டபோது அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் முதன்மையாகச் சொன்னவற்றில் ஒன்று, பிள்ளைகளைத் தனித்தனியாக அறிந்திருந்தது.

நம் பள்ளிகள் அவற்றை விடவும் சிறியவை. அதில் சங்கடம் இல்லாமல் இல்லை. கணக்குக்கு ஒரே ஆசிரியர் என்றால், அவர் மாற்றலாகிப் போன அன்றே பள்ளி முழுக்கக் கணக்குப் பாடம் நின்றுவிடும். பெரிய பள்ளியில் ஒரு காலியிடம் தலைவலி என்றால் இங்கே அது மாரடைப்பு. எனவே இப்பள்ளிகளுக்குத் தலை எண்ணிக்கை பார்க்காமல் பாடத்துக்கு ஒருவர் என்று நிரந்தர ஆசிரியர் வேண்டும். காலியிடம் விழுந்தால் அடுத்த கலந்தாய்வு வரை காத்திருக்காமல் உடனே நிரப்ப வேண்டும்.

1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது. பசித்த பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே சோறு போகட்டும் என்று நினைத்த நகரம் இது. அதே மாநகராட்சி, எண்ணிக்கையைக் காட்டி இனி எந்த உயர்நிலைப் பள்ளியையும் இணைக்கப்போவதில்லை என்று மன்றத்தில் தீர்மானம் போட வேண்டும். குடியிருப்பு அகற்றப்படும் இடங்களில், கடைசிப் பிள்ளை புதிய இடத்துப் பள்ளியில் சேர்ந்தது உறுதியாகும் வரை பழைய பள்ளியின் பதிவேட்டிலிருந்து எந்தப் பெயரையும் அடிக்கக் கூடாது.

பத்தாம் வகுப்பு முடிந்ததும் கையில் டி.சி.யைக் கொடுத்து அனுப்பும் வழக்கமும் மாற வேண்டும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பெற ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். பக்கத்தில் மேல்நிலைப் பள்ளி இல்லாமல் கடன் வாங்கித் தனியாரிடம் போகும் பெண்ணுக்கு அந்த உரிமையும் போய்விடுகிறது. இடம் உள்ள வளாகங்களையாவது தரம் உயர்த்தி, முதலில் ஒரேயொரு பாடப்பிரிவோடு, வரும் ஜூனிலேயே அங்கே பதினோராம் வகுப்பைத் தொடங்குங்கள்.