பட்டறிவே முதல்!

மொழி ஏட்டில் மட்டும் வாழ்வதன்று. அதனைப் பேசுவோனின் அடுப்படியிலும் வாழ்வது. சோறு தாராத மொழியை எம்மக்களும் நெடுங்காலம் சுமந்ததில்லை. தமிழ்நாட்டுப் பெற்றோர் தம் பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளிகளிற் கொண்டுபோய்ச் சேர்ப்பது தமிழ்மேற் கொண்ட பகையினால் அன்று. தமிழை நம்பினால் பிழைப்பு ஏது என்னும் அச்சமே அவர்களை அவ்வாறு செலுத்துகின்றது. அவ்வச்சத்திற்கு மேடை முழக்கம் மருந்தாகாது. தமிழிலே தொழில் கற்றவன், தமிழிலேயே அத்தொழிலறிவைப் பிறர்க்கு வழங்கி, அதனால் தன் மனைவி மக்களோடு நிமிர்ந்து வாழ்கின்றான் என்று விரல் நீட்டிக் காட்டுதல் வேண்டும். அத்தகையோர் ஊருக்கு ஒருவர் இருப்பினும் போதும். அச்சம் தானே அகலும்.

அவ்வாறு காட்டுதற்குரிய வாயிலொன்று இன்று திறந்து கிடக்கின்றது. அதுவே இணையம். உழவன் மண்ணைக் கையிலெடுத்து முகர்ந்தறிவதும், தச்சன் மரத்தைத் தட்டிப் பார்த்தே அதன் அகத்தைச் சொல்வதும், முப்பதாண்டு பயிற்றிய ஆசிரியர் எந்தப் பிள்ளை எவ்விடத்தில் இடறும் என்று முன்னரே உணர்வதும் பட்டறிவு எனப்படும். பட்டுத் தெளிந்த அறிவாகலின் பட்டறிவு. அதற்குப் பட்டமில்லை, சான்றிதழில்லை. நேற்றுவரை அது அவனவன் தெருவோடு நின்றது. அவனோடு சுடுகாடும் சென்றது. இன்றோ, ஒரு கைப்பேசியும் தெளிவாகப் பேசும் நாவும் இருப்பின், சென்னையிலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் தொரந்தோவிலும் இருக்கின்ற தமிழர் அனைவர்க்கும் எட்டும் பண்டமாகிவிட்டது. வேறு முதல் இல்லாதவனுக்கு அப்பட்டறிவே முதல்.

இஃது ஏட்டுச் சுரைக்காயன்று. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலம் ஒரு சிற்றூர். அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் சிலர், சமையற்றொழிலில் நெடுநாள் பழகிய தம் பாட்டனாரை முன்னிறுத்தி, 2018-இல் யூடியூப் என்னும் வலையொளியிற் சமையற் காணொளிகளை வெளியிடத் தொடங்கினர். வயல்வெளி, விறகடுப்பு, அம்மி, பெரிய ஏனங்கள், ஊர்ப் பேச்சுத் தமிழ் ஆகியவையே அவர்தம் கருவிகள். 2021-இல் அவர்களைப் பின்தொடர்வோர் தொகை ஒரு கோடியைத் தாண்டியது. தமிழ் வலையொளிகளுள் அவ்வெல்லையை முதலில் எட்டியது அதுவே. அவ்வாண்டிலேயே கொரோனாத் துயர் துடைக்கும் பணிக்கென முதலமைச்சரின் நிதிக்குப் பத்து இலக்கம் உருபா வழங்கினர். அவர்கள் இட்ட முதல் யாது? ஒரு முதியவரின் கைப்பதம்! தமிழ் பிழைப்புத் தாராது என்போர் இவ்வூர்ப் பெயரை நினைவில் வைப்பாராக.

இங்கே ஒரு தடை எழுப்பப்படும். அறிவை விற்பது அறமாகுமா? கல்வியைக் காசுக்குக் கூறலாமா? தமிழ் அன்பர் பலர் நெஞ்சில் இக்கேள்வி உறுத்திக்கொண்டிருக்கின்றது. இதற்கு விடை தமிழ் நூன்மரபிலேயே உண்டு. நூல் கற்பிக்கப்படுதற்கு உரியோர் இன்னின்னார் என்று வகுக்கும் நன்னூலார், ஆசான் மகனையும் அரசன் மகனையும் சொன்னதோடு, பொருளை மிகுதியாகக் கொடுப்பவனையும் அவ்வரிசையில் வைத்தார். பவணந்தியார்க்கு இழுக்காகத் தோன்றாத ஒன்று, இன்றைத் தமிழாசிரியர்க்கு இழுக்காகாது. திண்ணைப்பள்ளி ஆசிரியர் நெல்லும் காசும் பெற்றே கற்பித்தார். ஊர் அவரைக் குறைவாக எண்ணியதில்லை.

தனித்தமிழ் வரலாறும் அதனையே சொல்லும். மறைமலையடிகள் 1911-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பணியினின்று நீங்கிப் பல்லாவரத்திற் குடியமர்ந்தார். அதன்பின் திங்கட் சம்பளம் இல்லை. நூல் எழுதினார், தாமே அச்சகம் நிறுவித் தம் நூல்களைப் பதிப்பித்தார், தமிழகமெங்கும் ஈழத்தும் சென்று சொற்பொழிவாற்றினார். எழுத்தும் சொல்லுமே அவர்க்கு வாழ்வு தந்தன. எவர்க்கும் அஞ்சாமல் 1916-இல் தனித்தமிழ்க் கொடியை உயர்த்தவும் அவரால் இயன்றது. பாவாணரோ, 1961-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியபின் வறுமையோடு போராடினார். அவர்தம் சொற்பிறப்பியல் அகரமுதலிக்காகப் பெருஞ்சித்திரனார் தென்மொழி வாயிலாக அன்பர்களைத் திரட்டிப் பொருள் தரச் செய்தார். அதன்பின்னரே, 1974-இல் தமிழக அரசு அத்திட்டத்தை ஏற்படுத்தி அவரை இயக்குநராக அமர்த்தியது. படிப்போர் பலர் சிறு சிறு தொகை தந்து அறிஞனொருவனைத் தாங்கும் முறையை இன்று இணையத்தார் புதுக்கண்டுபிடிப்பாகப் பேசுகின்றனர். தனித்தமிழ் அன்பர்க்கு அது பழகிய வழி.

முன்னோர் ஈட்டிய தேட்டம் வேறு. தனியொருவன் உழைப்பு வேறு. தொல்காப்பியமும் திருக்குறளும் எல்லார்க்கும் பொது. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களை விலையின்றி இணையத்தில் இட்டது போற்றத்தக்க தொண்டு. ஆனால், அக்குறளை அயல்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைக்குக் கிழமைதோறும் ஒருமணி நேரம் அமர்ந்து, பிழை திருத்தி, பொருள் விளக்கிப் பயிற்றுவது ஆசிரியரின் உழைப்பு. உழைப்புக்கு ஊதியம் கேட்பது நயன்மையே.

அடுத்து, இவ்வணிகத்தின் உள்ளியக்கத்தை அறியாமல் இறங்குவோன் ஏமாறுவான். வலையொளியில் விளம்பர வருவாயில் பங்கு பெற வேண்டுமாயின், ஆயிரம் பேர் பின்தொடர வேண்டும். ஓராண்டிற்குள் மக்கள் அவன் காணொளிகளை 4,000 மணிநேரம் பார்த்திருக்க வேண்டும். அல்லது குறுங்காணொளிகளைத் தொண்ணூறு நாளில் ஒரு கோடி முறை பார்த்திருக்க வேண்டும். அதன்பின்னும், நெடுங்காணொளி விளம்பர வருவாயில் 55 விழுக்காடே படைத்தவனுக்கு. எஞ்சிய 45 விழுக்காடு நிறுவனத்திற்கு. நிலம் அவர்களுடையது, வாரம் அவர்கள் வைத்தது. அதனை மாற்றவும் நிறுத்தவும் அவர்களால் இயலும்.

அயலான் நிலத்தில் மனை கட்டியவர்க்கு நேர்ந்ததை 2020 காட்டிற்று. அவ்வாண்டு சூன் 29-ஆம் நாள் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. அத்தடை சரியா தவறா என்பது ஈண்டுக் கேள்வியன்று. பன்னூறாயிரம் பேரைத் தம்பால் ஈர்த்து வைத்திருந்த எளிய மக்கள் பலர், ஓரிரவில் அத்தனை பேரையும் இழந்தனர். தம்மைத் தேடி வந்தவரின் முகவரியோ, தாம் எடுத்த காணொளியின் படியோ கையில் இல்லாதோர் வெறுங்கையராய் நின்றனர். ஆதலின் வலையொளியைச் சந்தைத் திடலாகக் கொள்க, வீடாகக் கொள்ளற்க. சந்தையிற் கூவி அழைத்துத் தம் சொந்தக் கடைக்குக் கூட்டி வருதலே அறிவுடைமை. சொந்த வலைத்தளம், சொந்த மின்னூல், நேரடி வகுப்பு, கற்போரின் முகவரிப் பட்டியல் ஆகியவை பிறரால் ஓரிரவில் அழிக்கவொண்ணாதவை. நூறு மாணாக்கர் திங்களுக்கு நூறு உருபா நேரே தரின், பதினாயிரம் உருபா வரும். விளம்பரத்தால் அவ்வளவு ஈட்டுதற்கு எத்தனையோ நூறாயிரம் கண்கள் தேவைப்படும். 2016-இல் யூபிஐ முறை வந்தபின் கைப்பேசி வழியாகவே சிறுதொகையும் செலுத்தக் கூடுமாகலின், இது சிற்றூரார்க்கும் இயல்வதே.

இனி மொழிக்கு வருவோம். மேலே பாராட்டப்பெற்ற சின்னவீரமங்கலத்தார் வலையொளியின் பெயர் 'வில்லேஜ் குக்கிங் சேனல்'! ஊர் தமிழ், சோறு தமிழ், நா தமிழ், பெயர்ப்பலகை மட்டும் ஆங்கிலம். அவர்களைப் பழிப்பதில் பயனில்லை. ஆங்கிலப் பெயரிருந்தாலன்றிக் கடை ஓடாது என்று அவர்களை எண்ணச் செய்த சூழலே பழிக்கத்தக்கது. ஆயினும் கோடிக்கணக்கானோர் அங்கு வருவது அப்பெயரைக் கேட்டன்று. அம்மண்ணின் மணத்தை நாடியே. அதனை உணர்ந்தவர் தம் கடைக்குத் தமிழ்ப்பெயர் சூட்ட அஞ்சார்.

பெயரினும் பெரிது சொல். நெய்தற்றொழிலில் பாவு, ஊடை, விழுது, நாடா. தச்சில் இழைப்புளி, வாய்ச்சி, கொட்டாப்புளி. கடற்றொழிலில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர். உழவில் நாற்றங்கால், பரம்பு, தாளடி. இச்சொற்கள் தொழிலாளர் வாயிலேயே இன்றும் உயிரோடு இருக்கின்றன. உலக வழக்குச் சொற்களைத் தொகுத்தாலன்றித் தமிழின் முழுவளம் புலப்படாதென்று பாவாணர் வலியுறுத்தியது இதனாலேயே. ஒரு நெசவாளர் தம் தறியின் முன்னமர்ந்து நாற்பது காணொளிகளிற் பாடம் நடத்துவாராயின், அவர்க்கு வருவாய். தமிழுக்கு ஒரு துறையின் முழுச் சொற்றொகுதி. அப்பாடத்தையே பாதி ஆங்கிலத்தில் குழைத்து நடத்துவாராயின், வருவாய் வரலாம், சொல் மாளும். கற்க வருவோர்க்கும் அதனால் ஊதியமில்லை. ஆங்கிலத்தில் கற்பிப்போர் உலகில் எண்ணிறந்தோர். அக்கூட்டத்தில் இவர் கடைசியில் நிற்பார். தமிழில் தறிநுட்பம் சொல்வோர் மிகச் சிலர். அங்கு இவரே முதல்வர்.

தமிழுக்கு விலையில்லை என்னும் பழம்பேச்சும் இனிச் செல்லாது. கூகுள் நிறுவனத்தின் வலைத்தள விளம்பரத் திட்டம் தமிழை ஏற்றுக்கொண்டது 2018-இல். அமேசானின் கிண்டிலில் தமிழ் மின்னூல்கள் விற்பனைக்கு வந்தது 2016-இல். தமிழ்மேற் கொண்ட அன்பினால் அவர்கள் இவற்றைச் செய்திலர். தமிழில் படிப்போர் தொகையைக் கண்டே செய்தனர். கேட்போர் மிகின் வாயில் திறக்கும். இதுவே வணிக நெறி.

பட்டறிவை ஆவணப்படுத்துவதில் பணத்தினும் பெரிய ஆதாயம் ஒன்றுளது. 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நடுவத்திற்கு, மஞ்சளாற் புண்ணாற்றும் முறைக்கு அந்நாட்டுக் காப்புரிமை வழங்கப்பட்டது. எந்தத் தமிழ்ப் பாட்டிக்கும் தெரிந்த ஒன்று அயலார்க்குரிய புதுமையாயிற்று! இந்திய அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் எழுத்துச் சான்றுகளை அடுக்கி வழக்காடியபின், 1997-இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. அங்கு வென்றவை எழுதப்பட்ட சான்றுகள். எழுதப்படாத பட்டறிவு எத்துணைப் பழைமையாயினும், அத்தகைய மன்றத்தில் ஊமையாகவே நிற்கும். நாள் குறித்து வெளியிடப்பட்ட ஒவ்வொரு தமிழ்க் காணொளியும் நூலும் நாளைய வழக்கிற்கு ஒரு சான்றாகும்.

இவ்வணிகத்திற் களையும் உண்டு. தான் ஈட்டாதவன், இணையத்தில் ஈட்டுவது எப்படி என்று பாடம் விற்கின்றான்; ஒரு பயிரும் விளைவியாதவன் வேளாண்மை கற்பிக்கின்றான். இன்னும் கொடியது, மருத்துவம் கல்லாதவன் சித்த மருத்துவமென்று சொல்லிக் கொடுநோய்களுக்கு மருந்து கூறுவது. பட்டவனுக்கே பட்டறிவு உண்டு. அறியாததை அறியேன் என்று சொல்லும் நேர்மையே இக்கடையின் எடைக்கல். மருத்துவத்தைப் பதிவு பெற்ற மருத்துவர்க்கே விட்டுவிடுதல் அறம். பொய் விற்பவன் ஒருவனால் மெய் விற்போர் பலரும் நம்பிக்கை இழப்பர். அவ்விழப்பு தமிழையும் சாரும்.

தனித்தமிழ் அன்பர்க்கு இதில் நேரிய கடமை உண்டு. ஊர்தோறும் தொழில் கைவந்த முதியோர் இருக்கின்றனர். அவர்கட்குக் கணினி தெரியாது. அன்பர் வீட்டு இளையோர்க்குத் தெரியும். இருவரையும் ஓரிடத்தில் அமர்த்துக. முதியவர் சொல்லுக, இளையவர் பதிக. பேச்சில் வழங்கும் தொழிற்சொற்களைத் தனியே எழுதி வைக்க. கடைக்குத் தமிழ்ப்பெயர் இடுக. வருவாயில் முதியவர்க்குரிய பங்கினைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வரைந்து கையெழுத்திடுக. உறவினராயினும் இது வேண்டும், உறவினராயின் மிக வேண்டும். மூலப் படியைத் தம்மிடமே வைத்துக்கொள்க. ஓய்வு பெற்ற தமிழாசிரியர்கள் அயல்நாட்டுத் தமிழ்ப் பிள்ளைகட்கு நேரடி வகுப்பு எடுக்க முன்வருக. கட்டணம் கேட்க நாணற்க. அன்பர்களும், நல்ல தமிழில் வழங்கப்படும் பாடத்தைப் பாராட்டுவதோடு நில்லாது, காசு கொடுத்துக் கற்க. பாராட்டு உலை ஏற்றாது.

ஆங்கிலம் தமிழ்நாட்டில் வேரூன்றியது அதன் இனிமையால் அன்று. அது வேலை தந்தமையால். தமிழும் வேலை தரத் தொடங்குமாயின், பெற்றோரை எவரும் கெஞ்ச வேண்டுவதில்லை. முதியவர் ஒவ்வொருவரும் மறையுந்தோறும் இம்முதல் குறைந்துகொண்டே வருகின்றது, காலந்தாழ்த்துவதற்கு இடமில்லை. இத்திங்களே, ஒவ்வோர் அன்பரும் தம் ஊரில் ஒரு முதியவரையேனும் தேடிச் சென்று இப்பணியைத் தொடங்குவாராக!