யாருடைய சாமி?

ஒரு பாட்டில் சந்தோஷமும் துக்கமும் சேர்ந்து வந்துவிட்டால் நம் விமர்சக நண்பர்களுக்குக் கை கால் ஓடுவதில்லை. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பற்றி இரண்டு அபிப்பிராயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுவருகிறேன். வரிகளில் இத்தனை இருட்டை வைத்துக்கொண்டு துள்ளல் மெட்டுப் போட்டது வியாபார யுக்தி என்பது ஒன்று. இது இயற்கையைப் போற்றும் பாட்டு, முன்னோர் விட்டுச்சென்ற மண்ணை நாம் காக்க வேண்டும் என்பது மற்றது. முன்னது அறியாமை. பின்னதை அப்படிச் சொல்லித் தப்பவிட எனக்கு மனமில்லை.

முதலாவதற்கு வருகிறேன். நண்பர் ஒருவர் ஃபாஸ்டர் த பீப்பிள் என்ற அமெரிக்கக் குழு 2010ல் வெளியிட்ட ‘பம்ப்ட் அப் கிக்ஸ்’ பாட்டை உதாரணம் காட்டினார். துப்பாக்கி எடுக்கும் ஒரு பையனின் மனசைச் சீட்டியடிக்கத் தோன்றும் மெட்டில் வைத்திருக்கிறார்கள். அங்கே அது திட்டமிட்ட முரண். அந்த அளவுகோலை அப்படியே இங்கே கொண்டுவந்து நீட்டுவது என்னைப் போல ஆங்கிலத்தில் பி.ஏ. படித்தவர்களின் வியாதி. திண்டுக்கல்லிலிருந்து நிலக்கோட்டைக்கோ வத்தலக்குண்டுக்கோ பஸ்ஸில் போகிறவன் வழியில் ஒரு சாவு ஊர்வலத்தையாவது பார்த்திருப்பான். பாடைக்கு முன்னால் பறை எந்த வேகத்தில் அடிக்கப்படுகிறது? ஆட்டம் எப்படிப் போகிறது? அதை முரண் என்று எவனும் சொன்னதில்லை. ஒப்பாரியும் அழுகை மட்டுமல்ல. செத்தவர் செய்தது, வைத்தது, கொடுத்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவது அது. அந்த வரிசை நீள நீளத்தான் போனது எவ்வளவு என்று தெரிகிறது. அறிவின் வரிகளும் அப்படித்தான் நடக்கின்றன. குளத்தில் நாய்க்கும் நரிக்கும்கூடப் பாத்தியதை உண்டு என்று சொல்லும் அதே பாட்டில், மரம் நட்டுத் தோட்டம் உண்டாக்கிய ஆள் தாகம் தீராமல் நிற்கிறார். ஒப்பாரியின் தர்க்கம் இது. மெட்டு அதற்குப் புறம்பாக வந்து ஒட்டிக்கொண்டதல்ல.

இரண்டாவது அபிப்பிராயம் ஆபத்தானது. ‘முன்னோர்’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லிவிட்டால் பண்ணையாரும் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். பாட்டுக்குப் பின்னால் இருப்பவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். அங்கே காட்டை அழித்துத் தேயிலை வைத்தவர்களின் சந்ததியை 1948ன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரைப் பங்கு போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் நம் கொடைக்கானல் மலையில் கூலிகளானார்கள். மண்ணை விட்டுச்செல்ல அவர்களிடம் மண் எங்கே இருந்தது? புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’யை உருவம், உத்தி என்று அலசிப் பேசியவர்கள் நாம். இந்தப் பாட்டில் அதே தேயிலைத் தோட்டம் வந்தபோது நமக்கு அடையாளம் தெரியவில்லை.

எஞ்சாமி என்றால் என் சாமி. பேரனைக் கொஞ்சும் பாட்டிக்கும் அதுதான் சொல், நிலக்காரன் முன் கைகட்டி நிற்கிறவளுக்கும் அதுதான் சொல். நான் பாங்க்கில் குமாஸ்தா. பயிர்க்கடன் கேட்டு ஒரு கிழவி கவுண்டருக்கு வந்தாள். சிட்டா, அடங்கல் கேட்டேன். “காடு அவுக பேர்ல இருக்கு சாமி. நடுறது அறுக்குறது எல்லாம் நாங்கதான்” என்றாள். என் வயசில் அவளுக்குப் பேரன் இருப்பான். விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தேன். விதி அப்படி. அந்த வாரமே சக ஊழியர் வீட்டுக் கல்யாண வரவேற்பில் இந்தப் பாட்டைப் போட்டார்கள். சிட்டா, அடங்கல் எல்லாம் பிசகில்லாமல் வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர்கள் சிலர் ஆடினார்கள். நானும் கை தட்டினேன். அந்தச் சொல்லை அந்த வாரம் முதலில் கேட்டது எங்கே என்பது வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் நினைவுக்கு வந்தது.

2022ல் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தப் பாட்டு பாடப்பட்டது. அறிவு மேடையில் இல்லை. அதைத் தொடர்ந்து பாட்டை யார் ஆக்கியது என்பது பற்றி அறிவும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விதமாக எழுதினார்கள். தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. ஆனால் பாத்தியதை பற்றிய பாட்டுக்கே பாத்தியதைத் தகராறு வந்தபோது அதை வெறும் சினிமா வம்பாக நண்பர்கள் பேசித் தீர்த்ததை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

மெட்டு ஏன் குதிக்கிறது என்ற ஆராய்ச்சி போதும். இந்தப் பாட்டில் யார் யாரைச் சாமி என்று கூப்பிடுகிறார்கள், கேட்கிற நாம் அதில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை எழுதுங்கள். என் பக்கம் எது என்று நான் எழுதிவிட்டேன்.