லேபிளில் இல்லாத ஆலை

ஜாஸ் கிட்டார் வாசிப்பவர்கள் கூடும் இடத்தில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "நியூயார்க் பேர் போட்டிருக்கே தவிர, உடம்பு கொரியாவுலேர்ந்து வருதாம்." "ஜப்பான்னு எழுதியிருக்கும், கழுத்தைச் சீனாவுல செய்றாங்களாம்." "அந்த இத்தாலிக்காரர் பாலிஷ் மட்டும்தான் போடுறாராம்." சொல்பவர் ஆலைக்குள் போனவர் இல்லை, கேட்பவரும் போகப்போவதில்லை. ஆனாலும் லட்சங்களில் விலைபோகும் ஒரு ஆர்ச்டாப் கிட்டாரின் மறுவிற்பனை மதிப்பைக் கவிழ்க்க இந்தப் பேச்சே போதும்.

வாங்குபவர்களின் சந்தேகப் புத்தி என்று இதைத் தள்ளிவிட நான் தயாரில்லை. செய்தவர் யார் என்று சொல்லாமலேயே விற்பதை இந்தத் தொழில் நூறாண்டுக்கு மேலாக வழக்கமாக வைத்திருக்கிறது. வதந்தியை வளர்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு விற்றவர்கள்தான்.

ஆர்ச்டாப் என்பது வயலினைப் போல மேல்பலகை நடுவில் குவிந்து எழும்பி நிற்கும் கிட்டார். நடுவில் வட்டத் துளைக்குப் பதில், இரு பக்கமும் எஃப் எழுத்து வடிவில் துளைகள் இருக்கும். அமெரிக்காவின் கலாமசூ நகரில் ஆர்வில் கிப்சன் மாண்டலினுக்கு இப்படிச் செதுக்கிய பலகையை வைத்து 1898-ல் காப்புரிமை வாங்கினார். எஃப் துளையோடு கிப்சன் கம்பெனியின் எல்-5 வந்தது 1922-ல். செதுக்கிச் செய்யும் ஆர்ச்டாப்பின் மேல்பலகையைத் தடித்த ஸ்ப்ரூஸ் துண்டுகள் இரண்டை ஒட்டி, வெளியிலும் உள்ளிலும் உளியாலும் சிறு இழைப்புளியாலும் குடைந்து எடுக்க வேண்டும். நடுவில் ஆறேழு மில்லிமீட்டர் இருக்கும் பலகை, ஓரத்தில் ஏறக்குறைய அதில் பாதியாக மெலியும். எங்கே எவ்வளவு மெலிய வேண்டும் என்பதைக் கை விரலும், தட்டிக் கேட்கும் காதும் சொல்லும். மெல்லிய மரத் தகடுகளை ஒட்டி அச்சில் வைத்து அழுத்தி வளைப்பது இன்னொரு வழி. இது மட்டம் என்று நினைக்க வேண்டாம். 1949-ல் வந்த கிப்சன் இ.எஸ்.175 இப்படி அழுத்திச் செய்ததுதான். ஜோ பாஸும் பாட் மெத்தினியும் அதைத்தான் தூக்கிக்கொண்டு மேடை ஏறினார்கள்.

இரண்டு வழிக்கும் தனி அச்சுகள், தனி ஆயத்தங்கள், பழகிய கைகள் வேண்டும். ஆனால் வாங்குபவர்கள் கொஞ்சம்தான். ஆகவே இதை நன்றாகச் செய்யத் தெரிந்த ஆலைகள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கின்றன. பல பிராண்டுகளும் அந்தச் சில வாசல்களில் போய்த்தான் நின்றாக வேண்டும். "எல்லாம் ஒரே ஆலைதான்" என்ற வதந்தியில் உண்மை இருப்பது இவ்வளவுதான். ஆனால் இது சின்ன உண்மை இல்லை.

ஜப்பானின் நகோயாவில் உள்ள தெராடா ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். புரூக்ளினில் பிறந்த கிரெட்ச் கம்பெனி, 1967-ல் பால்ட்வின் கம்பெனிக்குப் போய், தொழிலே நின்று, பிறகு குடும்பத்தின் கைக்குத் திரும்பி, 1989-ல் மறுபடி சந்தைக்கு வந்தபோது அதன் உயர்விலைக் கிட்டார்கள் இங்கேதான் உருவாயின. ஜப்பானிய வெஸ்டாக்ஸ் கம்பெனி டி'ஆஞ்செலிகோ என்ற நியூயார்க் கைவினைஞரின் பெயரில் விற்ற ஆர்ச்டாப்களும் தெராடாவில் செய்தவை. கிப்சனே ஜப்பான் சந்தைக்காக நடத்திய 'ஆர்வில்' வரிசையிலும் தெராடாவின் கை உண்டு. மூன்று பெயர், மூன்று வரலாறு, மூன்று விலை. செய்யும் இடம் ஒன்று. இத்தனைக்கும் தெராடா என்ற பெயரைத் தலைப்பலகையில் பார்த்த வாசகர் அபூர்வம். ஜார்ஜ் பென்சன் பெயரில் வந்த ஐபனெஸ் கிட்டார்களைச் செய்து புகழ்பெற்றது மட்சுமோட்டோவின் ஃபுஜிகென். தென் கொரியாவின் பூசானில் பீர்லெஸ் ஆலை நெடுங்காலம் அடுத்தவர் பெயருக்கே ஆர்ச்டாப் செய்துகொடுத்துவிட்டு, பிறகுதான் தன் பெயரையும் போட்டுக்கொண்டது.

இதில் ஆசியாவை மட்டும் குற்றம் சொல்பவர்கள் அமெரிக்கக் கதையை மறந்துவிடுகிறார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் கலாமசூ ஆலையை ஓடவைத்தது எது? மாண்ட்கோமரி வார்டு என்ற தபால்வழி விற்பனைக் கம்பெனிக்காக 'ரெக்கார்டிங் கிங்' என்ற பெயரில் கிப்சன் செய்துகொடுத்த வாத்தியங்களுக்கு அதில் பங்குண்டு. விலைப்பட்டியலில் கிப்சன் பெயர் வராது. அன்றைக்கு அது வியாபார சாமர்த்தியம். அதையே பூசானில் செய்தால் மோசடியா?

இன்னும் பின்னால் போகலாம். பொஹீமியாவின் ஷான்பாக், எல்லைக்கு அந்தப்பக்கம் சாக்சனியின் மார்க்நாய்கிர்ஹென், இரண்டும் வயலின் ஊர்கள். ஒரு வீட்டில் கழுத்து, இன்னொரு வீட்டில் மேல்பலகை, மூன்றாவது வீட்டில் பூச்சு. எல்லாவற்றையும் சேர்த்து வாங்கிய வியாபாரி உள்ளே ஒட்டிய லேபிளில் ஆன்டோனியஸ் ஸ்ட்ராடிவேரியஸ் என்று இருக்கும். அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம் செய்த நாட்டின் பெயரைப் போடச் சொன்ன பிறகுதான் அதே லேபிளில் ஓரமாக ஜெர்மனி என்ற பெயரும் எட்டிப்பார்த்தது. அந்த வயலின்கள் நம்மூர்ச் சங்கீதக் குடும்பங்களின் பரண்களிலும் இருக்கின்றன; "தாத்தா வாங்கின ஸ்ட்ராடிவேரியஸ்" என்று யாராவது கொண்டுவந்தால் உண்மையைச் சொல்லத் தனித் தைரியம் வேண்டும். பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ பாஸைச் செய்த ஹாஃப்னர் கம்பெனி 1887-ல் தொடங்கியதும் இதே ஷான்பாக்கில்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்கிருந்த ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட, தொழிலும் அவர்களோடு பவேரியாவின் புபென்ராய்ட்டுக்குப் போனது. ஊர் மாறியபோது உளி பிடித்த கைகளும் கூடவே போயின. லேபிளை மட்டும் வைத்து எடைபோடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆர்ச்டாப் பக்தர்களின் தெய்வம் ஜான் டி'ஆஞ்செலிகோ. நியூயார்க் கென்மேர் தெருவில் சின்னப் பட்டறை. 1964-ல் அவர் இறக்கும்வரை வரிசை எண் 1,164 வரை போனது. கடைசிப் பத்தை முடித்தவர் சீடர் ஜேம்ஸ் டி'அக்விஸ்டோ. ஒவ்வொன்றையும் நோட்டில் பதிந்து வைத்த மனிதர் டி'ஆஞ்செலிகோ. அவரே பிற்காலத்தில், மலிவான எலெக்ட்ரிக் கிட்டார் கேட்டு வந்தவர்களுக்கு, வெளியிலிருந்து வாங்கிய பிளைவுட் உடம்பில் தன் கழுத்தைப் பொருத்திக் கொடுத்தார். அவற்றில் பலவும் அந்த எண் வரிசையில் வராதவை. அவரும் தன் கைவேலை எது, வெளியிலிருந்து வாங்கியது எது என்று தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார் என்றுதான் இதிலிருந்து தெரிகிறது. கிப்சனின் லாயிட் லோர் கையெழுத்தும் அப்படித்தான். 1922 முதல் 1924 வரையிலான மாஸ்டர் மாடல் வாத்தியங்களில் அவர் கையெழுத்திட்ட லேபிளுக்காகவே இன்று விலை எங்கோ போகிறது. வாத்தியத்தைச் சோதித்து ஒப்புக்கொண்டதாகத்தான் அந்த லேபிள் சொல்கிறது. செதுக்கியதாகச் சொல்லவில்லை. செதுக்கியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் இந்த லேபிளை நான் மதிக்கிறேன். செய்த வேலையை மட்டும் சொல்கிறது, தேதியோடு சொல்கிறது.

இன்றைய லேபிள்கள் அந்த அளவுக்கும் வாய் திறப்பதில்லை. சட்டமும் அதற்கு இடம் தருகிறது. அமெரிக்கத் தயாரிப்பு என்று நிபந்தனையில்லாமல் போட வேண்டுமானால் முழுவதுமாக, அல்லது ஏறக்குறைய முழுவதுமாக அங்கே செய்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் அளவுகோல். 2021-ல் அதை, மீறினால் அபராதம் விதிக்கும் விதியாகவும் ஆக்கினார்கள். ஐரோப்பியச் சுங்க முறை அப்படி இல்லை. கடைசியாகக் கணிசமான வேலை எங்கே நடந்ததோ அந்த நாடே பிறப்பிடம். கணிசம் என்றால் எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பூச்சு போடாத 'வெள்ளை' உடம்பை வரவழைத்து, கழுத்தைச் சரிசெய்து, லாக்கர் அடித்து, மின்சாரப் பாகங்களைப் பொருத்துவது கணிசமான வேலையா? வக்கீல்கள் இரண்டு பக்கமும் வாதாடலாம். வாசிப்பவருக்கு வேண்டியது தீர்ப்பு இல்லை, தகவல்.

எவ்வளவு வேலை செய்தால் பொருளின் வகை மாறும் என்ற இந்த எல்லைக்கோடு, மரத்தின் விஷயத்தில் ஒருமுறை நம் நாட்டையே இழுத்துவிட்டது. 2011 ஆகஸ்ட்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சனின் நாஷ்வில், மெம்பிஸ் இடங்களில் சோதனை போட்டு அள்ளிச் சென்றது இந்தியக் கருங்காலியும் ஈட்டி மரமும். விரற்பலகைக்காக அறுத்த துண்டுகள் அவை. ஆறு மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் சுங்கக் கணக்கில் அறுத்த மரம். அறுத்த மரத்தை ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை. அதையே வாத்தியப் பாகம் என்று எண்ணினால் தடை இல்லை. அடுத்த ஆண்டு வழக்கு சமரசத்தில் முடிந்தது: 3 லட்சம் டாலர் அபராதம், வனவிலங்கு அறக்கட்டளைக்கு 50 ஆயிரம் டாலர். ஆனால் அது மடகாஸ்கர் கருங்காலிக்காக. இந்திய விதிகளில் வகைப்பாடு தெளிவாக இல்லை என்று ஒப்புக்கொண்டு இந்திய மரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நீலகிரியில் பட்டா நிலத்தில் நிற்கும் ஈட்டி மரத்தையும் இஷ்டத்துக்கு வெட்ட முடியாதபடி தமிழ்நாடு 1994-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மரத்துக்கு இவ்வளவு பத்திரம் கேட்கிற உலகம், அதைக் கிட்டாராக்கிய ஆளுக்கு ஒரு வரிகூடக் கேட்பதில்லை.

அந்த ஆள் வேலையிழந்தால் செய்தியும் வெளியே வராது. கோர்ட் என்ற கொரியக் கம்பெனி (நீதிமன்றம் அல்ல) பல பெரிய பிராண்டுகளுக்கு ஒப்பந்தத்தில் கிட்டார் செய்துகொடுத்துவந்தது. 2007 தொடங்கி இஞ்சான், டேஜான் ஆலைகளை மூடி, உற்பத்தியைச் சீனாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் மாற்றியது. வேலைபோனவர்கள் விடவில்லை; ஜெர்மனி, ஜப்பான், அமெரிக்கா வரை போய் கிட்டார் கண்காட்சிகளின் வாசலில் நின்றார்கள். உடன்பாடு வந்தபோது 2019 ஏப்ரல் ஆகிவிட்டது. அவை ஆர்ச்டாப் மட்டும் செய்த ஆலைகள் அல்ல என்பது தெரியும். ஆனால் ஆலையின் பெயரை மறைப்பதால் யாருக்கு லாபம் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை. இன்று ஒரு நாடு, நாளை இன்னொரு நாடு என்று ஆலையை மாற்றினாலும் தலைப்பலகையில் எதுவும் மாறாது.

சொல்லிவிட்டு விற்க முடியாதா? முடியும் என்று காட்டியது ஈஸ்ட்மேன். 1992-ல் வயலினோடு தொடங்கிய கம்பெனி. பெய்ஜிங்கில் பட்டறை வைத்து, வயலின் செதுக்கிய அதே கைகளை ஆர்ச்டாப்புக்குத் திருப்பியது. சீனாவில் கையால் செதுக்கியது என்பதை மறைக்காமல் விளம்பரமாகவே சொன்னது. ஜாஸ்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு வாசித்துப் பார்த்து வாங்கினார்கள். ஈஸ்ட்மேன் எங்கே செய்கிறது என்று வதந்தி கேட்டதாக எனக்கு நினைவில்லை. கிளப்ப என்ன இருக்கிறது?

நாடு எது என்பதைவிட முதலில் பார்க்க வேண்டியது கிட்டாரின் உள்பக்கம். பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியும் ஒரு டார்ச்சும் போதும். எஃப் துளையின் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். பலகையின் ரேகை மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக இறங்கினால் முழு மரம். இரண்டு மூன்று அடுக்குகள் கோடாகத் தெரிந்தால் ஒட்டியது. விளிம்பில் அடர்த்தியாகக் கறுப்போ வெள்ளையோ பட்டை ஒட்டி மறைத்திருந்தால், அழகுக்காகவும் இருக்கலாம், அடுக்கை மூடவும் இருக்கலாம். அப்போது உள்ளே கண்ணாடியை விட்டு, வெளியே தெரியும் முடிச்சோ கோணல் ரேகையோ அதே இடத்தில் உள்ளேயும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். முழு மரத்திலும் செதுக்காமல் சூட்டில் அழுத்தி வளைத்தது உண்டு; அதில் நடுவிலிருந்து ஓரம்வரை தடிமன் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். மேல்பலகைக்கு அடியில் ஒட்டும் தாங்குபட்டை வளைவோடு இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா, அல்லது வாள்வெட்டு போட்டு வளைத்து ஒட்டியிருக்கிறதா என்பதும் சொல்லும். இவை எதுவும் நாட்டைக் காட்டாது. கொடுக்கும் பணத்துக்கு என்ன வேலை நடந்திருக்கிறது என்பதைக் காட்டும்.

மீதியைச் சொல்ல வேண்டியவர் விற்பவர். இந்தியாவில் இறக்குமதிப் பொருளின் பிறப்பிட நாட்டைக் காட்டுவது கட்டாயம். 2020-ன் மின்வணிக விதிகள் இணையக் கடைகளையும் அதில் சேர்த்தன. அந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்த வேண்டிய அவசியம் கம்பெனிகளுக்கு இல்லை. உடம்பு எந்த ஆலையில், கழுத்து எங்கே, பூச்சு எங்கே, கடைசிச் சரிபார்ப்பு யார் என்று நான்கு வரி எழுத எஃப் துளைக்குள் தாராளமாக இடம் இருக்கிறது. அவர்களாக எழுதும்வரை நீங்கள் கேளுங்கள். பணம் கொடுப்பதற்கு முன் இந்த நான்கையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 'கம்பெனி ரகசியம்' என்று கடைக்காரர் சொன்னால், பெயருக்காகக் கேட்கும் கூடுதல் விலையைக் கொடுக்காதீர்கள்.

(கட்டுரையாளர், கம்பி இசைக்கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழில் செய்பவர்.)